ஏற்காட்டு இறக்கத்தில் விழுந்து தோளில் அடிபட்டால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூடாரம், உடை, சமையல் சாமான் எல்லாவற்றையும் சைக்கிளிலேயே கட்டிக்கொண்டு நாள் கணக்கில் சுற்றுவதைத்தான் இப்போது பைக்பேக்கிங் என்கிறார்கள். அப்படிச் சேர்வராயன் மலையில் மூன்று நாட்கள் சுற்றிவிட்டு, ஒரு நவம்பர் மாதக் காலையில் குப்பனூர் வழியாக இறங்கிக்கொண்டிருந்தேன். கொட்டச்சேட்டைத் தாண்டி ஒரு வளைவில், மழையில் ஊறிய சவுக்கு மரச் சருகின் மீது முன்சக்கரம் வழுக்கியது. ஹேண்டிலைப் பிடித்த பிடியை விடுவதற்குள் வலது தோள்முனை தார்ச்சாலையில் மோதிவிட்டது. அப்போது எனக்கு வயது 46. எலும்பு முறியவில்லை, தோள்முனை மூட்டைக் கட்டி வைத்திருக்கும் தசைநார் மட்டும் பாதி கிழிந்திருந்தது. இரண்டு மாதத்தில் முடிந்திருக்க வேண்டிய அந்தக் காயம், என்னுடைய தவறால் பதினான்கு மாதம் இழுத்தது. அதன்பின் சேலத்தில் சைக்கிள் ஓட்டும் நண்பர்களில் யார் விழுந்தாலும் எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்துவிடுகிறது. அவர்கள் வழக்கமாகக் கேட்பவையும் நான் சொல்பவையும் கீழே இருக்கின்றன. நான் மருத்துவன் அல்லன். உங்கள் எக்ஸ்ரேயைப் பார்த்த மருத்துவர் இதற்கு மாறாகச் சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

விழுந்தவுடன் முதலில் என்ன செய்ய வேண்டும்?

சாலையின் ஓரத்துக்கு வந்துவிட வேண்டும். கொண்டை ஊசி வளைவில் மேலிருந்து வரும் பேருந்துக்கு, திரும்பி முடிக்கும் வரையில் நீங்கள் அங்கே கிடப்பது தெரியாது. ஆனால் தலையோ கழுத்தோ அடிபட்டிருந்தால் நீங்களாக எழ முயலாமல், கூட வந்தவரை வளைவுக்கு முன்னால் நிறுத்தி வண்டிகளுக்குக் கை காட்டச் சொல்லுங்கள். அடிபட்ட கையை மார்போடு சேர்த்து, துண்டாலோ சைக்கிள் டியூபாலோ கழுத்தில் தூக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். மோதிரம், கைக்கடிகாரம் ஆகியவற்றை வீக்கம் வருவதற்கு முன்பே கழற்றிவிடுங்கள்.

விரல்கள் மரத்துப்போனாலும், கை சில்லிட்டாலும், மூச்சு விடச் சிரமமாக இருந்தாலும், கழுத்துக்குக் கீழே குறுக்காக ஓடும் காறை எலும்பு தோலை உள்ளிருந்து குத்திக்கொண்டு நிற்பது போலத் தெரிந்தாலும் தயங்காமல் 108-ஐ அழையுங்கள். காறை எலும்பை ஒட்டி நுரையீரலின் மேல்முனையும், கைக்குச் செல்லும் இரத்தக் குழாயும் நரம்புகளும் இருப்பதால் இந்த அறிகுறிகளை வலியோடு சேர்த்து எண்ணிவிடக் கூடாது. இவற்றில் எதுவும் இல்லை என்றாலும் மீண்டும் சைக்கிளில் ஏறி இறங்க வேண்டாம். நான் அந்த முட்டாள்தனத்தைச் செய்தேன். ஒற்றைக் கையால் பிரேக் பிடித்துக்கொண்டு இரண்டு வளைவுகள் இறங்கிய பிறகுதான் புத்தி வந்து, காய்கறி இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு மினி லாரியில் ஏறினேன்.

சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தரும் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டு நடைமுறையில் உள்ளது. திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் காப்பீட்டு அட்டை இல்லாதவர்களுக்கும் இது பொருந்தும். எங்கே சென்றாலும் விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லி, அதன் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காப்பீடு கோரும்போது அந்த ஒரு தாளைத்தான் முதலில் கேட்பார்கள்.

எலும்பு முறிவா, மூட்டு விலகியதா, சவ்வு கிழிந்ததா என்று நாமே கண்டுகொள்ள முடியுமா?

ஊகிக்கலாம், முடிவு செய்ய முடியாது. விழுந்த விதம் ஓரளவு துப்புக் கொடுக்கும். என்னைப் போலக் கை ஹேண்டிலில் இருக்கும்போதே தோள்முனை நேரடியாகத் தரையில் மோதினால், காறை எலும்பு முறிவதும், அதன் வெளிமுனை தோள்பட்டை எலும்போடு சேரும் ஏ.சி. மூட்டு பிய்வதும்தான் அதிகம். கையை நீட்டி ஊன்றி விழுந்தவர்களுக்குத் தோள் மூட்டு முன்பக்கமாக நழுவுவதும், மேற்கை எலும்பின் கழுத்து முறிவதும், தோளைச் சுற்றியிருக்கும் சுழல் தசைகளின் நார் கிழிவதும் நேர்கின்றன. தோளின் உருண்டை வடிவம் போய்ச் சதுரமாகத் தெரிந்தால் மூட்டு நழுவியிருக்கலாம். தோள்முனையில் புதிதாக ஒரு மேடு எழும்பியிருந்தால் ஏ.சி. மூட்டாக இருக்கலாம்.

எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், நார் தெரியாது. ஆகவே, “எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது” என்று சொல்லி அனுப்பப்பட்ட ஒருவரால், வலி குறைந்து இரண்டு வாரம் ஆன பிறகும் கையைத் தானாகப் பக்கவாட்டில் தூக்க முடியவில்லை என்றால், அவர் மீண்டும் மருத்துவரிடம் சென்று ஸ்கேன் தேவையா என்று கேட்க வேண்டும். அடிபட்டு முழுதாகக் கிழிந்த நாரைச் சில வாரங்களுக்குள் தைப்பதற்கும், அது சுருங்கித் தசையும் மெலிந்த பிறகு தைப்பதற்கும் பலனில் வேறுபாடு இருக்கிறது. நாற்பது வயதைக் கடந்தவர்களுக்குத் தோள் நழுவினால் கூடவே நாரும் கிழிந்திருக்கும் வாய்ப்பு அதிகம் என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

தோள் இறங்கியிருந்தால், கூட வந்தவர் இழுத்துப் போட்டுவிடலாமா?

கூடாது. திரைப்படத்தில் ஒரு திருகு திருகியதும் கதாநாயகன் எழுந்து சண்டைக்குப் போய்விடுகிறான். நிஜத்தில், நழுவிய மூட்டோடு எலும்பும் முறிந்திருந்தால் அந்த ஒரு திருகு முறிவை இடம்பெயர்த்துவிடும். கையைத் தூக்கும் தசைக்குச் செல்லும் நரம்பும் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டுதான் செல்கிறது. எக்ஸ்ரே எடுத்து, வலிக்கும் தசை இளகுவதற்கும் மருந்து கொடுத்து, அதன் பிறகே பொருத்துவார்கள். மலையிலிருந்து சேலம் வந்து சேரும் அந்த ஒன்றரை மணி நேரத்தைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

புத்தூர் கட்டுப் போடலாமா? எங்கள் வீட்டில் பெரியவர்கள் வற்புறுத்துகிறார்கள்.

எங்கள் வீட்டிலும் வற்புறுத்தினார்கள். என் மாமனார் வாடகைக் காரே பேசிவிட்டார். கைவிரல் பிசகுக்கும் மணிக்கட்டுக்கும் அப்படிக் கட்டுப் போட்டுக் குணமானவர்களை எனக்கும் தெரியும் என்பதால் ஏளனம் செய்ய மாட்டேன். ஆனால் தோள் விஷயத்தில் என் பதில், வேண்டாம் என்பதே. தோளை இறுக்கிக் கட்டி அசையாமல் வைப்பதற்கு அங்கே இடமே இல்லை. கட்டு இறுகினால் அக்குளில் இரத்தக் குழாய் அழுந்தும். இறுகாவிட்டால் அந்தக் கட்டால் பயனில்லை. இன்னொன்று: எக்ஸ்ரே எடுக்காமல் உருவிவிடும்போது உள்ளே என்ன இருக்கிறது என்பது யாருக்கும் தெரிவதில்லை. மருத்துவமனையிலும் தோளுக்கு மாவுக்கட்டுப் போடுவது அபூர்வம். கழுத்தில் மாட்டிக்கொள்ளும் துணிப்பையான ஆர்ம் பவுச்சில் கையைத் தொங்கவிடச் சொல்வார்கள். “மாவுக்கட்டுக்கூடப் போடவில்லையே, இது என்ன வைத்தியம்?” என்ற ஐயமே பலரை வேறு இடம் தேட வைக்கிறது என்று நினைக்கிறேன்.

அறுவைச் சிகிச்சை தேவைப்படுமா?

பெரும்பாலும் தேவைப்படாது. ஏ.சி. மூட்டுக் காயத்தை ஆறு படிகளாகப் பிரிக்கிறார்கள். முதல் இரண்டு படிகளுக்கு அறுவை இல்லை. மூன்றாம் படியில் மருத்துவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு, இருந்தாலும் முதலில் அறுவை இல்லாமல் பார்ப்பதே வழக்கம். அதற்கு மேல் என்றால் அறுவை. காறை எலும்பு முறிவில் துண்டுகள் ஒன்றையொன்று தொடாமல் விலகியிருந்தாலும், ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு எலும்பு குறுகியிருந்தாலும், தோல் கிழியும் நிலையில் இருந்தாலும் தகடு வைப்பதைப் பற்றிப் பேசுவார்கள். ஏ.சி. மூட்டில் அறுவை செய்துகொள்ளாதவர்களுக்குத் தோள்முனையில் சிறு மேடு நிலைத்துவிடும். எனக்கும் இருக்கிறது. சட்டை போட்டால் தெரியாது.

ஆர்ம் பவுச்சில் கையை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் பதினான்கு மாதம் விலை கொடுத்தேன். ஆகவே சற்று நீளமாகவே சொல்கிறேன்.

பொதுவான கணக்கு இது: ஏ.சி. மூட்டில் முதல் படிக்காயம் என்றால் ஒரு வாரம். இரண்டாம் படி என்றால் வலியைப் பொறுத்து இரண்டு அல்லது மூன்று வாரம். நழுவிய தோளைப் பொருத்திய பிறகு இரண்டு முதல் மூன்று வாரம். காறை எலும்பு முறிவுக்கு மூன்று முதல் ஆறு வாரம். சுழல் தசை நாரைத் தைத்திருந்தால் நான்கு முதல் ஆறு வாரம். உங்களுக்கு எத்தனை என்பதை உங்கள் மருத்துவர் சொல்வார். அவர் சொல்லும் எண்ணிக்கையை நாம் எல்லோரும் ‘குறைந்தது இத்தனை நாள்’ என்று கேட்டுக்கொள்கிறோம். அது பெரும்பாலும் ‘அதிகபட்சம் இத்தனை நாள்’ என்ற பொருளில் சொல்லப்படுவது.

எனக்கு மூன்று வாரம் என்றார்கள். நான் ஏழு வாரம் வைத்திருந்தேன். கூடுதலாகப் பத்திரமாக இருந்தால் கூடுதலாகக் குணமாகும் என்ற கணக்குத்தான். பவுச் இருக்கும் வரையில் பேருந்தில் எழுந்து இடம் தருகிறார்கள், அலுவலகத்தில் கோப்பை வேறொருவர் எடுத்துத் தருகிறார் என்பதும் உண்மை. மூன்றாம் வாரம் மருத்துவரைப் பார்க்க வேண்டிய நாளில் வலி இல்லை என்பதால் போகவில்லை. பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுத்த சீட்டு சட்டைப்பையிலேயே இருந்து துவைத்துக் கூழாகிவிட்டது. ஏழாம் வாரம் பவுச்சைக் கழற்றிவிட்டுத் தலை சீவக் கையைத் தூக்கியபோது, கை காதின் உயரத்தில் நின்றுவிட்டது. வலியால் நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. துருப்பிடித்த கதவைப் போல, அதற்கு மேல் வழியே இல்லாமல் நின்றது.

அசையாமல் வைத்திருக்கும் தோளில், மூட்டைச் சுற்றியிருக்கும் உறை தடித்துச் சுருங்கத் தொடங்கும். எனவே பவுச்சில் கை இருக்கும் நாட்களிலும், விரல்களை மடக்கி விரிப்பது, மணிக்கட்டைச் சுழற்றுவது, பவுச்சிலிருந்து எடுத்து முழங்கையை நீட்டி மடக்குவது ஆகியவற்றை மருத்துவரின் சம்மதத்தோடு முதல் வாரத்திலிருந்தே, நாளைக்கு நாலைந்து முறை செய்ய வேண்டும். பவுச்சை வாங்கும்போதே, அதைக் கழற்ற வேண்டிய தேதியைக் கேட்டு நாள்காட்டியில் எழுதி வையுங்கள்.

தூங்குவதும் குளிப்பதும் எப்படி?

முதல் பத்து நாட்கள் மல்லாந்து படுக்க முடியாது. சாய்வு நாற்காலியிலோ, சுவரோரமாக நாலு தலையணையை அடுக்கியோ பாதி உட்கார்ந்த நிலையில் தூங்குங்கள். முழங்கைக்குக் கீழே ஒரு தலையணை வைத்தால் தோள் பின்னால் சரியாது. பனியனை மறந்துவிட்டு, முன்னால் பொத்தான் வைத்த தொளதொளப்பான சட்டையைப் போடுங்கள். போடும்போது அடிபட்ட கை முதலில், கழற்றும்போது அது கடைசியில். குளிக்கும்போது சற்றே முன்னால் குனிந்தால் கை தானாக உடம்பை விட்டு விலகும். அக்குளைக் கழுவி ஈரமில்லாமல் துடைத்துவிடலாம். சேலத்து ஏப்ரல் மாதத்தில் இதைச் செய்யாதவருக்கு, தோள் வலியைவிட அக்குள் புண் பெரிய தொல்லையாகிவிடும்.

என்ன பயிற்சிகள், எப்போது?

முதலாவது, ஊசல் பயிற்சி. நல்ல கையை மேசை மீது ஊன்றிக் குனிந்து, அடிபட்ட கையைக் கிணற்று வாளி போலத் தளர்வாகத் தொங்கவிட்டு, உடம்பை ஆட்டுவதன் மூலம் கையைச் சிறு வட்டமாகச் சுற்றவிட வேண்டும். தோளால் ஆட்டக் கூடாது என்று பிசியோதெரபிஸ்ட் எத்தனை முறை சொன்னாலும் எனக்குப் பிடிபடவில்லை. பின்னர் எடை சேர்க்கலாம் என்ற கட்டம் வந்தபோது, அவர் அரைச் சொம்புத் தண்ணீரைக் கையில் கொடுத்தார். உடம்பு ஆடிக் கை தொடர்ந்தபோது சொம்பு அமைதியாகச் சுற்றியது; தோளை நானாக அசைத்தவுடன் தண்ணீர் தளும்பிக் கால்விரலில் கொட்டியது. அன்றைக்குத்தான் புரிந்தது.

அடுத்தது, சுவர் ஏறுதல். சுவரைப் பார்த்து நின்று விரல்களாலேயே பல்லியைப் போல மேலே ஊர்ந்து, எட்டிய இடத்தில் சில நொடி நின்று, அதே போல ஊர்ந்தே இறங்க வேண்டும். எங்கள் சமையலறைக் கதவு நிலையில் மகளின் உயரத்தை ஆண்டுதோறும் குறித்த பென்சில் கோடுகள் இருந்தன. அதன் பக்கத்திலேயே என் விரல் எட்டிய இடத்தைத் தேதி போட்டுக் குறித்து வந்தேன். அவளுடைய ஒன்பது வயதுக் கோட்டில் தொடங்கினேன். சில வாரங்களில் ஒரு விரற்கடை கூட ஏறவில்லை. கோடு இல்லாமல் இருந்திருந்தால், முன்னேற்றமே இல்லை என்று எண்ணி விட்டிருப்பேன்.

மூன்றாவது, ஒட்டடைக் குச்சிப் பயிற்சி: முழங்கைகளை இடுப்போடு ஒட்டி வைத்து, இரண்டு கைகளிலும் குச்சியைக் கிடைமட்டமாகப் பிடித்து, நல்ல கையால் தள்ளி, அடிபட்ட முன்கையை வெளிப்பக்கமாகத் திருப்ப வேண்டும். தோள் இறுகும்போது முதலில் பறிபோவது இந்த வெளித்திருப்பம்தான். திரும்ப வருவதிலும் கடைசி அதுதான். ஆனால் நழுவிய தோளுக்கு முதல் சில வாரங்கள் இது ஆகாது, ஏனென்றால் மூட்டு நழுவுவதே அந்தத் திசையில்தான். ஒருவருக்கு மருந்தாகும் பயிற்சி இன்னொருவருக்குக் கேடாகும் என்பதால், காணொளியைப் பார்த்துத் தொடங்காமல் ஒரு முறையாவது பிசியோதெரபிஸ்டிடம் நேரில் காட்டிவிடுங்கள்.

எடை தூக்கும் பயிற்சி, ரப்பர் பட்டை இழுப்பது ஆகியவை அசைவு ஓரளவு திரும்பிய பிறகே. பயிற்சியின்போது வரும் வலி அரை மணி, ஒரு மணி நேரத்தில் அடங்கினால் அளவு சரி. இரவுத் தூக்கத்தைக் கெடுத்தால் மறுநாள் பாதியாகக் குறைக்க வேண்டும்.

வலிக்கு ஐஸா, ஒத்தடமா?

முதல் சில நாட்கள் ஐஸ்; துணியில் சுற்றி, ஒரு முறைக்குப் பதினைந்து நிமிடம். வீக்கம் வடிந்த பிறகு, பயிற்சிக்கு முன்னால் சூடான ஒத்தடம். வலி மாத்திரையை மருத்துவர் சொன்ன நாட்களுக்கு மேல் கடையில் கேட்டு வாங்கி விழுங்க வேண்டாம்.

மூன்று மாதம் ஆகியும் கை முதுகுக்குப் போகவில்லை. இது நிலைத்துவிடுமா?

பெரும்பாலும் நிலைக்காது, ஆனால் பொறுமையைச் சோதிக்கும். மருத்துவர்கள் ஃப்ரோசன் ஷோல்டர் என்று சொல்லும் தோள் இறுக்கம் இது. முதலில் வலி மிகுந்த கட்டம், பிறகு வலி குறைந்து இறுக்கம் மட்டும் நிற்கும் கட்டம், பிறகு மெல்ல இளகும் கட்டம் என்று ஒன்று முதல் மூன்று ஆண்டுகள் வரை போகலாம். நாற்பது முதல் அறுபது வயதுக்குள்ளும், சர்க்கரை உள்ளவர்களிடமும் அதிகம். எனக்கு இறுகிய பிறகுதான் சர்க்கரை சோதித்தார்கள். இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. நாற்பதைக் கடந்து தோளில் அடிபட்டவர்கள் முதல் வாரத்திலேயே சர்க்கரையைச் சோதித்துக்கொள்வது நல்லது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி, வலி மிகுந்த கட்டத்தில் பயிற்சி செய்ய வழி திறந்துவிடும். சர்க்கரை உள்ளவர்களுக்குச் சில நாட்கள் அளவு ஏறும் என்பதால் கவனிக்க வேண்டும். எனக்கு ஒரு ஊசி போட்டார்கள். அதன் பிறகு வேட்டியின் பின்பக்கத்தை நானே சரிசெய்துகொள்ள ஐந்து மாதமானது.

உணவில் ஏதாவது?

கேழ்வரகு, முட்டை, பயறு, மீன், போதிய தூக்கம். புகைபிடிப்பவர்களுக்கு முறிந்த எலும்பு ஒன்றுசேரத் தாமதமாகும் என்பது உறுதி. நிறுத்த இதைவிட நல்ல சாக்குக் கிடைக்காது. ஆட்டுக்கால் சூப் எலும்பை ஒட்டவைக்கும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் என் அத்தை வாரம் மூன்று முறை கொண்டுவந்ததை ஒருநாளும் மறுக்கவில்லை.

மீண்டும் எப்போது சைக்கிள் ஓட்டலாம்?

வாரக் கணக்கைவிடத் தோளையே கேளுங்கள். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் ஒரே உயரத்துக்குத் தூக்க முடிகிறதா? சுவரில் ஊன்றித் தண்டால் எடுத்து, பிறகு தரையில் முழங்கையை ஊன்றி ஒரு நிமிடம் நிற்க முடிகிறதா? முன்பிரேக்கை முழு வலிமையோடு அழுத்தினால் தோளில் சுருக்கென்று குத்தாமல் இருக்கிறதா? நம் ஊர்ச் சைக்கிள்களில் முன்பிரேக் பெரும்பாலும் வலது கையில் இருப்பதால், வலது தோள் அடிபட்டவர்களுக்கு இது முக்கியம். எலும்பு முறிந்திருந்தால், கூடிவிட்டது என்று எக்ஸ்ரே சொல்லவும் வேண்டும். பெரியவர்களுக்குக் காறை எலும்பு கூட ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகலாம். அதுவரை வீட்டிலேயே நிறுத்தி மிதிக்கும் சைக்கிளில் நிமிர்ந்து உட்கார்ந்து மிதிக்க மருத்துவர் முன்னதாகவே அனுமதிப்பதுண்டு.

முதல் ஓட்டத்துக்குக் கன்னங்குறிச்சி மூக்கனேரிப் பக்கம் விடியற்காலையில் செல்லுங்கள். சமதளம், போக்குவரத்தும் குறைவு. மூட்டை எதுவும் கட்ட வேண்டாம்.

மலைக்கு?

அடிவாரத்திலிருந்து ஏறுவதற்கு நீங்கள் நினைப்பதைவிட முன்னதாகவே தயாராகிவிடுவீர்கள். இறங்குவதற்கு நினைப்பதைவிடத் தாமதமாகும். ஏறும்போது உடம்பின் எடை பின்னால் இருக்கிறது, கை சும்மா பிடித்துக்கொண்டிருக்கிறது. சுமார் 1,500 மீட்டர் உயரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போதோ, ஒவ்வொரு பிரேக்கிலும் உடம்பும் மூட்டையும் முன்னால் தள்ளி உள்ளங்கை வழியாகத் தோளில் வந்து இறங்குகின்றன. முதல் இரண்டு மூன்று முறை சைக்கிளில் ஏறி, வண்டியில் இறங்குங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. குப்பனூர்ச் சாலை இன்னும் செங்குத்தானது. அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

சைக்கிளிலும் சுமையிலும் என்ன மாற்றம் செய்தீர்கள்?

நான் விழுந்த அன்று ஹேண்டிலில் நான்கு கிலோ எடையுள்ள கூடாரச் சுருள் இருந்தது. வழுக்கிய சக்கரத்தைத் திருப்பி நிமிர்த்தவிடாமல் செய்ததில் அதற்கும் பங்கு உண்டு. இப்போது கூடாரம் சட்டத்தின் நடுப்பையில். ஹேண்டிலில் மழைச்சட்டை மட்டும். ஹேண்டிலை உயர்த்தி, சற்று அருகில் கொண்டுவந்ததில் கைகளில் விழும் பாரம் குறைந்தது. அகலமான டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் குலுக்கல் தோள் வரை வருவதில்லை. முதுகில் பை மாட்டுவதை விட்டுவிட்டேன். அன்று போட்டிருந்த ஹெல்மெட்டில் வெளியே ஒரு கீறல்தான் தெரிந்தது என்றாலும் அதைத் தூக்கிப் போட்டுவிட்டேன். உள்ளிருக்கும் நுரை ஒருமுறை நசுங்கினால் மறுமுறை காக்காது.

விழுந்த அதே வளைவை மறுபடி கடந்தீர்களா? பயமாக இல்லையா?

பயமாக இருந்தது. பதினேழாம் மாதம் போனேன். முதல் முறை அந்த வளைவுக்கு முன்பே இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். வெயில் காலம், சாலை காய்ந்து கிடந்தது, இத்தனை சாதாரண இடத்திலா விழுந்தோம் என்று எரிச்சலாகக்கூட இருந்தது. மறுமாதம் ஓட்டியே இறங்கினேன். அயோத்தியாப்பட்டணத்தில் டீ கிளாஸை வாங்கியபோது கை நடுங்கியது. வலித்தது தோள் அல்ல. பதினைந்து கிலோமீட்டர் இறக்கம் முழுவதும் பிரேக்கை விடாமல் பிடித்திருந்த இரண்டு விரல்கள்தான்.